சாக்குக்குள் எத்தனை பேர்

முப்பத்தெட்டு வயதில் ஒருத்தி "ஓய்வு பெற்ற பிறகு" என்று எழுதத் தொடங்கினால் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் என் கடைசி உத்தரவில் அப்படித்தான் இருக்கிறது: விருப்ப ஓய்வு. தேனியில் இருந்த எங்கள் மானிடவியல் கள நிலையத்தை மூடி, பொருட்களை எல்லாம் சென்னைக்கு அனுப்பினார்கள். கூடப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றார்கள். எனக்குச் சின்னமனூரில் வீடு, திராட்சைத் தோட்டம், ஆறாவது படிக்கிற மகள். நான் போகவில்லை.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி போன் செய்தாள். கள நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்த பெண்தான். "அக்கா, எங்க காலேஜுல நாலு பாடத்தையும் ஒரே பேப்பரா ஆக்கிட்டாக. உடல், பண்பாடு, தொல்லியல், மொழி எல்லாம் ஒரே புஸ்தகம். எலும்பப் போட்டோ எடுத்தா ஆணா பொண்ணான்னு போனே சொல்லிருதாம். இனிமே மேல படிக்கணும்னா எந்தக் கிளைய எடுக்க?" என்று கேட்டாள். போனில் என்னவோ சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சரியான பதில் நினைவுக்கு வந்தது. அது ஒரு சாக்கில் இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிலையம் பெரியகுளம் சாலையில் ஒரு வாடகை வீடு. நான்கு அறை, நான்கு மேசை. மானிடவியலுக்கு நான்கு கிளை என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். எங்களுக்கு அது வீட்டின் அமைப்பு. வாசல் அறையில் சிதம்பரம் சார். அவர்தான் நிலையத்தின் தலைவர். பண்பாட்டு மானிடவியல் அவருடையது. மனிதர்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள், யார் யாருக்கு என்ன முறை, கல்யாணத்தில் யார் முன்னால் நிற்பது, சாவில் யார் கொள்ளி வைப்பது, இதெல்லாம் அவர் பார்ப்பது. ஒரு காதுகுத்து வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து, யார் யாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்.

அடுத்த அறை கதிரேசனுடையது. தொல்லியல். முன்பு வாழ்ந்தவர்கள் விட்டுப்போன ஓடு, மணி, சாம்பல், குழி. அவன் அறையில் எப்போதும் ஈர மண் வாசம் அடிக்கும். மூன்றாவது ஷீபா, குமுளிக்காரி, மொழிசார் மானிடவியல். யார் எதை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், யாரிடம் பேசும்போது சொல் மாறுகிறது என்பது அவள் வேலை. கம்பம் சந்தையில் ஒரே அம்மாள் தமிழ்க்காரரிடம் ஒரு விதமாகவும் மலையாள வியாபாரியிடம் இன்னொரு விதமாகவும் விலை பேசுவதைப் பதிவு செய்துகொண்டு வந்து, புதுப் பாட்டு மாதிரி எங்களுக்குப் போட்டுக் காட்டுவாள். கடைசி அறை, சமையலறையாக இருந்தது, என்னுடையது. உடல்சார் மானிடவியல். உயிரோடு இருப்பவர்களின் உயரம், எடை, பல், வளர்ச்சி, இறந்தவர்களின் எலும்பு. தண்ணீர்க் குழாயும் மேடையும் இருந்ததால் அந்த அறை எனக்கு வந்தது.

சாரல் பிடித்த நாட்களில் வெளியே போக முடியாது. நான்கு பேரும் சார் அறையில் உட்கார்ந்து, யார் கிளை பெரியது என்று சண்டை போடுவோம். "ஆளே இல்லாம ஓட்ட மட்டும் வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவ?" என்று ஷீபா கதிரேசனைக் கேட்பாள். "பேசிக்கிட்டே இருக்க ஆளவிட, பேசாத ஓடு தேவல" என்பான் அவன். சார் சிரிக்காமல் இருப்பார். அந்த ஓட்டு வீட்டில் மழை விழும் சத்தமும் எதிர்க் குடோனிலிருந்து வரும் ஏலக்காய் வாசமும் இப்போதும் சில சமயம் காரணமே இல்லாமல் வந்து போகின்றன.

நான் படித்த வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து வருடம் படித்தேன். ஒரு வருடம் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன். ஒரு வருடம் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தை அளந்தேன். எனக்கு எதையும் பட்டியலாகப் போட்டால்தான் மனசு நிற்கும். மளிகைக்குக்கூட மூன்று பட்டியல் போடுவேன். இந்தத் தொழிலுக்கு அது நல்ல குணம் என்று நம்பியிருந்தேன், வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் அந்தச் சாக்கு வரும்வரை.

சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து வருடத்தில் அவர் ஒருமுறைகூட "இது தப்பு" என்று சொன்னதில்லை. நாம் எழுதிக் கொடுத்த காகிதத்தை மேசையில் வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முழுக்கப் படிப்பார். எந்த வரியில் சந்தேகமோ அந்த வரியில் காகிதத்தை மடித்து, நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, திருப்பிக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான். மடிப்புக்கு மேலே சரி, கீழே இனிமேல்தான் பார்க்க வேண்டும். சில அறிக்கைகள் விசிறி மாதிரி திரும்பி வரும்.

சாக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வருசநாட்டுப் பக்கம், காட்டோரத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் பண்ணைக்குட்டைக்காகப் பொக்லைன் வைத்து மண் அள்ளியிருக்கிறார்கள். நாலடி ஆழத்தில் எலும்பு. ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், மனித எலும்புதானா, பழையதா, புதியதா என்று ஒரு கருத்துச் சொல்லுங்கள் என்று கடிதத்தோடு ஒரு ஏட்டு கொண்டுவந்தார். வெள்ளை உரச்சாக்கு. வாயைச் சணலால் கட்டியிருந்தது.

ஏட்டு எங்கள் மேடையில் சாய்ந்து நின்றபடி கதையையும் சொன்னார். அந்தத் தோட்டம் ராசு என்பவருடையது. இருபது வருடத்துக்கு முன்னால் ராசுவுக்கும் அவர் மச்சினன் முருகேசனுக்கும் அதே தோட்டத்தில் வேலித் தகராறு. கைகலப்பு வரை போயிருக்கிறது. மறுநாளிலிருந்து முருகேசனைக் காணோம். முப்பது வயது ஆள். ராசுதான் ஏதோ செய்துவிட்டார் என்று மாமியார் வீட்டில் பேச்சு. அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ராசுவின் மனைவியும் முருகேசனின் தங்கையுமான பேச்சியம்மாள் இருபது வருடமாகப் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரிஞ்சுரும்ல?" என்றார் ஏட்டு.

நான் வரிசையாக எடுத்து வைத்தேன். மண்டையோடு முழுதாக இல்லை. பொக்லைனின் பல் பட்டு ஓட்டாஞ்சில்லு மாதிரி உடைந்திருந்தது. வலது தொடை எலும்பு ஒன்று முழுதாக இருந்தது. அதன் தலைப்பகுதியைக் காலிப்பரில் அளந்தேன். பெரியது, ஆணுடைய அளவு. தாடையில் ஞானப்பல் முளைத்து, அதிகம் தேயாமல் இருந்தது. இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து என்று பென்சிலால் எழுதினேன்.

"ஆம்பளையா பொம்பளையாம்மா?"

"ஆம்பளை மாதிரிதான் தெரியுது. சின்ன வயசு."

அவர் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் மீதி எலும்புகளைப் பட்டியலில் ஏற்றினேன். உடைந்த தொடை எலும்பின் கீழ்ப்பாதி: "துண்டு." நெற்றிப் பகுதியில் பச்சையாக ஒரு வட்டம்: "பாசிக் கறை." இடுப்பெலும்பு அகலமாக இருந்தது, ஆணுக்கு அப்படி இருக்காது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு எழுதினேன்: "இடுப்பெலும்பு: வழக்கத்துக்கு மாறான அகலம்."

மதியத்துக்குள் அந்தச் செய்தி வருசநாட்டுக்குப் போய்விட்டது. நான் சொன்னதைவிடப் பெரியதாகப் போனது. "முருகேசன் எலும்புதான்னு தேனி ஆபீசுல சொல்லிட்டாக" என்று. ராசுவை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேச்சியம்மாளின் சித்தப்பன் மக்கள் வந்து தோட்டத்து மோட்டார் கொட்டகையை அடித்து நொறுக்கினார்கள்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. நான்கு மணிக்குச் சாரிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்தார். மடித்தார். நகத்தால் தேய்த்தார். மடிப்பு, "வழக்கத்துக்கு மாறான" என்ற வரியில் விழுந்திருந்தது.

வழக்கமாக அத்தோடு விட்டுவிடுவார். அன்று பேசினார்.

"இந்த ஆள் வழக்கத்துக்கு மாறானவனா, இல்ல உங்க பட்டியலா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்தச் சாக்க யாரும்மா கட்டுனது?"

"போலீஸ்காரங்க, சார்."

"பொக்லைன் அள்ளுனத அவுக அள்ளிக் கட்டுனாக. ஒரு சாக்குன்னா ஒரு ஆளுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

உடல்சார் மானிடவியலில் முதல் மாதம் சொல்லித்தரும் விஷயம் அது. ஆணா, பெண்ணா, வயது என்ன என்பதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை பேர். ஒரு மனிதனுக்கு ஒரு எலும்பு ஒருமுறைதான் உண்டு. அது இரண்டாவது முறை வந்தால் இரண்டாவது ஆள். நான் பட்டியலின் தலையில் "நபர் 1" என்று முதலிலேயே எழுதிவிட்டு, வந்ததை எல்லாம் அந்த ஒருவனுக்குள் திணித்திருந்தேன். திணிக்க முடியாததற்கு "துண்டு" என்றும் "வழக்கத்துக்கு மாறான" என்றும் பெயர் வைத்தேன். பட்டியல் போடுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வெறும் கண்ணால் பார்க்கிறவர் குழம்பியிருப்பார். எனக்குக் குழப்பமே வரவில்லை.

அறைக்கு ஓடிப்போய் "துண்டு" என்று எழுதியதை எடுத்தேன். தொடை எலும்பின் கீழ்ப்பாதி. முழங்கால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதுவும் வலதுதான். முழு எலும்பைவிட மெலிந்தது.

இரண்டு வலது தொடை. இரண்டு பேர்.

சார் உடனே காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். "எங்க தரப்புல இன்னும் ஒண்ணும் முடிவாகல. காலையில சொன்னதா எதுவும் வந்திருந்தா அது முடிவு இல்ல" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, "அந்தப் பேச்சியம்மாவ யாராவது போய்ப் பார்க்கணும்" என்றார். மோட்டார் கொட்டகை உடைந்த கதை அந்தப் போனில்தான் வந்தது.

அன்று மாலை நான்கு கிளையும் என் சமையல் மேடையைச் சுற்றி நின்றன. இரண்டு பாயை விரித்து, எலும்புகளை இரண்டு ஆளாகப் பிரித்தேன். அகல இடுப்பும் மெலிந்த தொடையும் ஒரு வயதான பெண்ணுடையவை. ஒரு பாதித் தாடையில் பற்கள் ஈறு வரை தேய்ந்திருந்தன, அதுவும் அவளுக்கு. மீதி, இளவயது ஆணுக்கு.

கதிரேசன் நெற்றித் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "பாசின்னா எழுதிருக்க? பாசின்னா தொட்டா வரும். இது எலும்புக்குள்ள இறங்கியிருக்கு. செம்பு."

உடைந்த சில்லுகளைப் பொருத்திப் பார்த்தோம். இன்னொரு நெற்றியிலும் அதே பச்சை வட்டம் இருந்தது. சார் இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெத்திக்காசு." இறந்தவர்களின் நெற்றியில் சந்தனம் வைத்துக் காசு ஒட்டுவது இன்றும் எங்கள் பக்கத்தில் உண்டு. சுடுகாட்டில் பலர் அதை எடுத்துவிடுவார்கள்; சில வகையறாவில் எடுக்கமாட்டார்கள், அப்படியே மண் போடுவார்கள். செம்புக் காசு வருடக்கணக்கில் நெற்றியில் கிடந்து, பச்சையாக எலும்பில் ஊறும்.

ஷீபா தன் நோட்டைக் கொண்டுவந்தாள். வருவாய்த்துறைப் பதிவில் இல்லாத வயல் பெயர்களை ஊர் ஊராகச் சேகரித்திருந்தாள். அந்தத் தோட்டத்துப் பக்கத்தை வயதானவர்கள் "குடிமாறுன காடு" என்று சொல்லியிருந்தார்கள். முன்பு அங்கே ஒரு குடியிருப்பு இருந்து, வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. குடி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் புதைகாடும் இருந்திருக்கும்.

எனக்கு மூச்சு வந்தது. பெற்றவர்கள், பிறந்தவர்கள் முறையாகப் புதைத்த ஆட்கள். கொலை இல்லை. மறுநாள் ஏட்டையும் அவருடைய அதிகாரியையும் அழைத்து சார் விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"சார், தப்பா நினைக்காதீக. செஞ்சது ராசுதான்னா, மனசு உறுத்தி நெத்தியில காசு வச்சுப் புதைச்சிருக்க மாட்டானா? பழைய புதைகாட்டுல கொண்டுபோய்ப் புதைச்சா எவனுக்குச் சந்தேகம் வரும்?"

சார் மறுக்கவில்லை. "சரியான கேள்வி" என்றார். அவர்கள் போன பிறகு என்னிடம் திரும்பினார். "இந்த எலும்பு எவ்வளவு பழசுங்கிறது ஒரு கேள்வி. இது அந்த முருகேசன் இல்லங்கிறது வேற கேள்வி. ரெண்டாவது கேள்விக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை.

"அப்ப அவரு தங்கச்சிகிட்டக் கேளுங்க. நம்ம கையில என்ன இருக்கு, என்ன இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவுக சொல்றத அவுக வார்த்தையில எழுதுங்க. நடுவுல தலையாட்டாதீக."

கடைசிச் சொல்தான் மிகவும் கடினம். எதிரில் ஒருவர் கண்கலங்கிப் பேசும்போது தலையாட்டாமல் இருப்பது மனிதத்தனமே இல்லாத செயல் போல இருக்கும். ஆனால் நாம் தலையாட்டினால், எதற்கு ஆட்டுகிறோமோ அதைத்தான் அவர்கள் மேலும் சொல்வார்கள்.

கடமலைக்குண்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, வருசநாட்டில் இறங்கி நடந்தேன். பேச்சியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். உடைந்த மோட்டார் கொட்டகையின் தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையில் இருந்த தகரத்தைக் கீழே வைத்தார்.

"நீதான் ஆம்பளைன்னு சொன்ன புள்ளையா?"

"ஆமாக்கா."

உள்ளே போய்ச் சொம்போடு வந்தார். "தண்ணி குடிக்கிறியா தாயி?" என்றார்.

அந்தத் தண்ணீரைக் குடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொம்பு முழுக்கக் குடித்தேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். அவர் முதலில் சொன்னது அவனுடைய சிரிப்பை. பிறகு நடையை. பிறகு, அவன் வெற்றிலை போடமாட்டான் என்று. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். தலையாட்டவில்லை.

"சின்னதுல கைய ஒடிச்சுக்கிட்டான். இலவங்காய் பறிக்க ஏறி, கொப்பு முறிஞ்சு விழுந்தான். எடது கை, முழங்கைக்குக் கீழ. வைத்தியர் முட்ட வெள்ளக்கருவப் பூசி மூங்கில் சிம்பு வச்சுக் கட்டுனாரு. அவனா சும்மா இருப்பான்? மூணாம் நாளே அவுத்துப் போட்டுட்டுக் கெணத்துல குதிச்சான். அப்படியே வளைஞ்சு கூடிருச்சு. சட்ட போட்டாலும் தெரியும். 'ஏலே வளஞ்ச கையா'ன்னுதான் நான் கூப்பிடுவேன். அடிக்க வருவான்."

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"எங்க வீட்டுக்காரர இன்னும் விடல. காலையில கூட்டிட்டுப் போவாக, பொழுது சாய அனுப்புவாக. சாப்பிட மாட்டேங்கிறாரு. நா ஒண்ணு கேக்கேன், சொல்லு. அது எங்கண்ணனா இருந்தா, இருபது வருசம் நா யாருக்குச் சோறாக்கிப் போட்டேன்? இல்லேன்னா, இருபது வருசம் எங்கம்மாவ எதுக்குப் பாக்காம இருந்தேன்?"

நான் எழுதாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

தேனிக்குத் திரும்பி, பாயில் கிடந்த ஆணின் கைகளைப் பார்த்தேன். வலது முன்கை எலும்பு இருந்தது. இடது மேற்கை எலும்பும் இருந்தது. இடது முன்கை இல்லை. பட்டியலில் அந்த இடம் காலி.

பொக்லைன் அள்ளிக் கொட்டிய மண் குட்டைக் கரையில் ஒரு மேடாகக் கிடந்தது. அனுமதி வாங்கி நான்கு பேரும் போனோம். கதிரேசன்தான் அங்கே தலைமை. மேட்டைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரித்தான். ஒவ்வொரு கட்டமாக மண்வெட்டியால் சுரண்டி, சட்டியில் அள்ளி, தொங்கவிட்ட சல்லடையில் சலித்தோம். சலித்த மண்ணைத் தனியாகக் கொட்ட வேண்டும். கிடைத்ததைக் கட்ட எண் போட்ட பையில் போட வேண்டும். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டி சுமந்தார். ஒரு ஏட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எங்களைக் காவல் காத்தார்.

பேச்சியம்மாள் முதல் நாள் தூரத்தில் நின்றார். இரண்டாம் நாள் வந்து ஷீபாவின் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டார். "எங்க மண்ணு. நா சொமக்கேன்" என்றார். சல்லடையைத் தொடக் கூடாது, சலித்த மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுவது மட்டும் என்று சார் அனுமதித்தார்.

விரல் எலும்புகள் கிடைத்தன. விலா துண்டுகள். ஒரு செம்புக் காசு, எழுத்தெல்லாம் தேய்ந்து, காய்ந்த இலை மாதிரி. அதில் வருடம் ஒன்றும் தெரியவில்லை. கதிரேசன் அதை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டான்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு, பதினான்காவது கட்டத்தில், என் சல்லடையில் ஒரு குச்சி நின்றது. குச்சி இல்லை. தூரிகையால் மண்ணைத் தட்டினேன். ஒரு முனையில் வட்டத் தலை, மறுமுனையில் மணிக்கட்டின் அகலம். முன்கை எலும்பு. எந்தக் கை என்று பார்க்க அதைத் திருப்பினேன். இடது.

நிமிர்ந்தபோது பேச்சியம்மாள் எதிரில் நின்றார். சட்டி இடுப்பில் இருந்தது. கண் எலும்பின் மேல் இருந்தது. பிறகு தன் இடது கையை நீட்டி, என் கையில் இருந்ததற்குப் பக்கத்தில், தொடாமல், வைத்துப் பார்த்தார்.

"நேரா இருக்கே" என்றார்.

எனக்குத் தலையாட்ட வேண்டும் போல இருந்தது. அந்த எலும்பு வயதான பெண்ணுடையதாக இருந்தால்? ஏற்கெனவே ஒருமுறை நான் வாயை விட்டதில் இந்தத் தோட்டத்தில் ஒரு கொட்டகை உடைந்திருக்கிறது.

"மேசைக்குக் கொண்டுபோகணும்க்கா. அதுக்கப்புறம்தான் சொல்ல முடியும்."

"சரி தாயி. கொண்டு போ." சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அன்று ஜீப்பில் தேனிக்குத் திரும்பினோம். மடியில் பஞ்சு வைத்த பெட்டி. அறைக்கு வந்ததும் எலும்பு அளக்கும் பலகையில் வலதை வைத்தேன், எழுதினேன். இடதை வைத்தேன், எழுதினேன். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். ஒரே ஆளின் இரண்டு கைக்கு இருக்கிற வித்தியாசம். இளம் ஆணின் இடது மேற்கை எலும்போடு முழங்கை மூட்டில் பொருத்தினேன். பூட்டும் சாவியும் போல உட்கார்ந்தது. பூதக்கண்ணாடியில் நீளம் முழுக்கப் பார்த்தேன். எலும்பு உடைந்து வளைந்து கூடினால், கூடிய இடம் கணு மாதிரி தடித்து ஆயுசுக்கும் நிற்கும். அப்படி எதுவும் இல்லை. அந்தக் கை ஒருநாளும் ஒடிந்ததில்லை.

புதுக் காகிதம் எடுத்தேன். தலையில் முதல் வரி: "நபர்கள்: குறைந்தது இருவர்." சாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மெதுவாகப் படித்தார். காகிதம் மடியாமல் திரும்பி வந்தது.

கொஞ்ச மாதம் கழித்து, ஆய்வகமும் பழைய எலும்புகள்தான் என்று எழுதியது. ஆனால் ராசுவை விசாரணைக்குக் கூப்பிடுவது எங்கள் அறிக்கை போன அன்றே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் பேச்சியம்மாள் தேனிக்கு வந்தார். கணவரும் கூட வந்திருந்தார். மெலிந்த, அதிகம் பேசாத ஆள். "எங்கம்மாகிட்ட நா சொன்னா நம்ப மாட்டாக. புருசனுக்காகப் பேசுறேன்பாக. நீ வந்து அந்தக் காயிதத்தப் படி" என்றார் என்னிடம். சாரைப் பார்த்தேன். "ஆம்பளைன்னு சொல்லத் தெரிஞ்சுச்சுல்ல. போய் இதையும் சொல்லுங்க" என்றார்.

வைகை அணைக்குப் போகிற வழியில் பேச்சியம்மாளின் பிறந்த வீடு. ஆண்டிபட்டியில் பஸ் மாறினோம். ராசு வேலிப் படலோடு நின்றுவிட்டார். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவருடைய அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். அரிவாள்மனையை மட்டும் மடக்கினார்.

நான் படித்தேன். நபர்கள் இருவர். ஒருவர் வயதான பெண். ஒருவர் இளவயது ஆண். நெற்றியில் காசு. இடது முன்கை, நேரானது, ஒடிந்து கூடிய அடையாளம் இல்லை. அந்த வரி வந்ததும் அந்த அம்மாள் கையை உயர்த்தி, "அத இன்னொருக்காப் படி" என்றார். படித்தேன்.

"அப்ப அவன் இல்ல."

"இல்லம்மா."

நறுக்கின வெண்டைக்காயை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"பேச்சி. படலுகிட்ட நிக்கிறது யாரு?"

பேச்சியம்மாள் படலைத் திரும்பிப் பார்த்தார்.

"வெயில்ல நிக்கச் சொல்லி யாரு சொன்னாக? உள்ள வரச் சொல்லு. கஞ்சிதான் இருக்கு, குடிப்பாரான்னு கேளு."

அன்று நான் கிளம்பும்போது அந்த அம்மாள் வாசல் வரை வந்தார். என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ ஊரு ஊராப் போற புள்ள. நெறைய ஆளப் பாப்ப. அவன் கை வளைஞ்சுதான் இருக்கும். சட்ட போட்டாலும் தெரியும். எங்கனயாவது பாத்தா சொல்லு தாயி."

வேலையில் கற்றுக்கொண்டதை எல்லாம் மறந்து, தலையாட்டினேன்.

இரண்டு பேரின் எலும்புகளும் வழக்கு முடிந்து திரும்பியபோது, பேச்சியம்மாள் அவற்றைத் தோட்டத்து வடக்கு மூலையில் புதைக்கச் சொன்னார். குட்டையைப் பத்தடி தள்ளி வெட்டிக்கொண்டார்கள். அவர் கையாலேயே இரண்டு காசு வைத்தார். "யாரு வீட்டு ஆளோ, இத்தன வருசம் எங்க காட்டுல கெடந்திருக்காக" என்றார்.

போனில் கேட்ட மாணவிக்கு இதுதான் சொல்ல விட்டுப்போனது. எந்தக் கிளையை வேண்டுமானாலும் எடு. போட்டோ பார்த்துச் சொல்கிற அந்தப் போனிடம், சாக்குக்குள் எத்தனை பேர் என்று முதலில் கேட்டுப் பார். பட்டியலில் "வழக்கத்துக்கு மாறான" என்று எழுத நேர்ந்தால் பேனாவைக் கீழே வை.

பேச்சியம்மாளின் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நிலையம் இருந்த வீட்டில் இப்போது மிளகாய் மண்டி. காலிப்பரும் அளவுப் பலகையும் சென்னைக்குப் போய்விட்டன. முருகேசன் இருந்தால் அறுபதைத் தாண்டியிருப்பார். போன வாரம் கம்பம் பஸ்ஸில், என் இருக்கைக்குப் பக்கத்தில் அந்த வயதில் ஒருவர் நின்றார். மேல் கம்பியை இடது கையால் பிடித்திருந்தார். முழுக்கைச் சட்டை. உத்தமபாளையத்தில் பஸ் குலுங்கி நின்றபோது சட்டைக் கை சரிந்து முழங்கை வரை இறங்கியது. நான் எழுந்து பார்த்தேன். இடம் கொடுக்க எழுந்தேன் என்று நினைத்து அவர் உட்கார்ந்துகொண்டார்.

நேராகத்தான் இருந்தது.